பூச்சி முந்துமா, சேதி முந்துமா?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)

2010-ஆம் வருஷம் தை மாசம். மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு பப்பாளி மரம் நின்றது. ஒரு நாள் காலையில் பார்த்தால் காய்க் காம்பைச் சுற்றி, இலைக்கு அடிப்பக்கம், தண்டு எல்லாம் அரிசி மாவைத் தூவினாற்போல வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. எறும்பு சாரிசாரியாய் ஏறி இறங்குகிறது. கொல்லை வேலைக்கு வந்த பெரியவர், "இன்னா பூச்சிங்க இது? எங்க அப்பன் காலத்துலகூட பாத்ததில்லையே" என்றார். எனக்கும் தெரியவில்லை.

ஓர் இலையைப் பறித்துக்கொண்டு ஒரு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அசுவினிதான், இதை அடிங்க" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். அடித்தேன். பத்து நாளில் பூச்சி இன்னும் கூடியது. வேறு பாட்டில் கொடுத்தார். அதையும் அடித்தேன். மூன்றாவது தடவை அடித்து முடிப்பதற்குள் பக்கத்துச் செம்பருத்தி, கத்தரி, வேலியோரத்து மரவள்ளி வரைக்கும் பரவி, ஆறு மரமும் பட்டுப்போச்சு.

எனக்குப் போனது ஆறு மரம்தான். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் பக்கம் பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் வைத்தவர்கள் தோட்டம் தோட்டமாய் வெட்டிப்போட்டார்கள். இதிலே வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? அது பப்பாளி மாவுப்பூச்சி என்பதும், மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது என்பதும் 2008-லேயே கோயம்புத்தூரில் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்து மூலக்குளத்தில் இருந்த எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரிலிருந்து பூச்சி வந்து சேர்ந்துவிட்டது. அதன் பெயர் வந்து சேரவில்லை. நான் மூன்று பாட்டில் வாங்கினது அந்த இடைவெளியில்தான்.

கம்ப்யூட்டரும் செல்போனும் நம் வயலுக்கு என்ன செய்தன என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தப் போனும் எந்தப் புழுவையும் கொன்றதில்லை. பூச்சிக்கும் அதன் பெயருக்கும் நடக்கிற ஓட்டப்பந்தயத்தில் அது யார் பக்கம் ஓடியது, எவ்வளவு தூரம் ஓடியது என்று மட்டும் பார்ப்போம். அந்தக் கதையில் நம்ம வில்லியனூருக்குப் பெரிய பங்கு உண்டு.

சேதி போனால் பயிர் மாறும் என்பது நமக்குப் புதுசு இல்லை. 1960-களின் நடுவில் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னதில், விதை வாங்க வந்த ஜனங்கள் எண்ணை விட்டுவிட்டு "ரேடியோ நெல்லு குடுங்க" என்றே கேட்டார்கள். வயதானவர்களுக்கு இன்னமும் அது ரேடியோ நெல்தான். ஆனால் வானொலிக்கு ஒரு குறை உண்டு. வானொலியில் உட்கார்ந்துகொண்டு நானே சொல்கிறேன். நாங்கள் பேசுவோம், நீங்கள் கேட்டுக்கொள்வீர்கள். நீங்கள் ஒரு கேள்வி எழுதி அந்தக் கடிதாசி இங்கே வந்து சேருவதற்குள் புழு கூடு கட்டி, அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும்.

கேட்கவும் ஒரு வழி, பதில் வரவும் ஒரு வழி வேண்டும் அல்லவா? அதைச் சோதித்துப் பார்த்தது நம் மண்ணில்தான். 1998 ஜனவரியில் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் பண உதவியோடு, தகவல் கிராமத் திட்டத்தைப் புதுச்சேரியில் ஆரம்பித்தது. வில்லியனூரை நடு மையமாக வைத்தார்கள். அங்கிருந்து கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பிள்ளையார்குப்பம், பூரணாங்குப்பம், நல்லவாடு என்று ஊருக்கு ஊர் கிளை. (கீழூர் என்றால் 1954-ல் இந்தியாவோடு சேருவதற்கு ஓட்டுப் போட்ட அதே கீழூர்தான்.)

வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் ஊர் ஊராய்ப் போய் ஒரு கணக்கெடுத்தார்கள். உங்களுக்கு விவரம் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று கேட்டார்கள். ஜனங்கள் சொன்ன பதில் நமக்குத் தெரிந்ததுதான். அக்கம்பக்கம், சந்தை, அப்புறம் உரம் மருந்து விற்கிற கடை. விற்கிறவனிடமே போய் 'வாங்கலாமா' என்று கேட்கிற நிலைமை. இதை மாற்றத்தான் அந்த மையங்கள்.

அன்றைக்கு இருந்த வசதியை நினைத்துப் பாருங்கள். கிராமத்தில் டெலிபோன் இருந்தால் அதிசயம், இருந்தாலும் பாதி நாள் செத்துக் கிடக்கும். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கூரை மேலே சூரிய ஒளித் தகடு வைத்தார்கள். டெலிபோன் கம்பிக்குப் பதிலாக, போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற இருவழி வயர்லெஸ் வைத்தார்கள். அந்த வயர்லெஸ்ஸில் பேச்சும் போகும், கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்த சேதியும் போகும். வில்லியனூரில் இருப்பவர்கள் விவரங்களைத் திரட்டித் தமிழில் எழுதி அனுப்புவார்கள். கிராமத்தில் இருக்கிற தொண்டர்கள் அதை எடுத்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள். நெல் விலை, அரசாங்கத் திட்டம், ஆஸ்பத்திரி, பஸ் நேரம் எல்லாம் அதில் இருக்கும். தொண்டர்களில் பாதிக்கு மேல் நம்ம ஊர்ப் பெண்கள்.

ஊராருக்கும் ஒரு நிபந்தனை போட்டார்கள். இடம் ஊர் கொடுக்கணும், கரண்டு செலவு ஊர் பார்க்கணும், ஆள் ஊர் கொடுக்கணும். எல்லாவற்றுக்கும் மேலே, எந்த ஜாதியாய் இருந்தாலும், ஆணோ பெண்ணோ, எல்லாரும் தடையில்லாமல் உள்ளே வரக்கூடிய இடமாய் இருக்கணும். இந்தக் கடைசி நிபந்தனை சின்ன விஷயம் இல்லை. கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்வதைவிட இது சில இடங்களில் கஷ்டமாக இருந்தது என்பதை உள்ளூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எம்பலத்தில் கோயிலிலேயே மையம் நடந்தது. கீழூரில் ஓர் அம்மாவின் பசு ஐந்து நாளாய்க் கன்று ஈன முடியாமல் தவித்தது. எந்த டாக்டர் கிடைப்பார் என்று தெரியவில்லை. மையத்தில் இருந்த கம்ப்யூட்டரில் சுற்று வட்டாரத்து மாட்டு டாக்டர்களின் பட்டியல் இருந்தது. தொண்டர் அதைப் படித்துச் சொல்ல, டாக்டர் வந்து, இரவில் ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் கன்றை இழுத்தெடுத்துத் தாயையும் காப்பாற்றினார். 2000-ல் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை எழுதியது. கவனியுங்கள், அந்தக் கம்ப்யூட்டர் வைத்தியம் பார்க்கவில்லை. அதில் இருந்தது ஒரு பட்டியல். சரியான ஆள் யார் என்ற ஒரு வரி. அதற்கு 2001-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் பரிசும் கிடைத்தது.

வீராம்பட்டினத்தில் கடல் அலை எவ்வளவு உயரம் எழும் என்ற கணக்கை அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருவர், அங்கே செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அறிவு மையத்தைத் திறந்து அந்த ஒலிபெருக்கியில் சொல்ல, மூவாயிரம் பேருக்கு மேல் உயிர் தப்பினார்கள். சேதி ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊர்க் காதுக்குப் போய்ச் சேர்ந்தது அந்தப் பொது ஒலிபெருக்கியால். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு திரும்பி வருகிறேன்.

பூச்சி விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்து மையத்துக்கு ஒரு சங்கடம். வயர்லெஸ்ஸில் படம் அனுப்புவது லேசு இல்லை. 'இலை சுருட்டுது, உள்ளே பச்சைப் புழு இருக்குது' என்று வாயால்தான் சொல்லணும். தெரிந்த பூச்சி என்றால் அது போதும். இலைச்சுருட்டுப் புழு என்று அந்தப் பக்கம் புரிந்துகொள்வார்கள். இதுவரை இந்த நாட்டிலேயே இல்லாத பூச்சி என்றால்? சொல்கிறவருக்கும் பெயர் தெரியாது, கேட்கிறவர் மனசிலும் உருவம் இல்லை.

பப்பாளி மாவுப்பூச்சி அப்படி வந்ததுதான். மாவுப்பூச்சியில் நம் ஊரிலேயே பல ஜாதி உண்டு. கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். எல்லாம் வெள்ளையாய், மெழுகு பூசினாற்போல ஒன்று போலவே இருக்கும். இந்தப் பூச்சியைச் சாராயத்தில் போட்டால் நீலம் பாய்ந்து கறுத்துப்போகும், அது ஓர் அடையாளம். அதற்கு மேல் உறுதியாய்ச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும், பழகின கண் வேண்டும். சும்மா பார்த்துவிட்டு அசுவினி என்று சொன்ன கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்? பூச்சி தன் சொந்த ஊரில் இருக்கும்போது அதைத் தின்கிற எதிரியும் கூடவே இருக்கும். கப்பலிலோ விமானத்திலோ அது தனியாய் இங்கே வந்துவிட்டால் கேட்பாரில்லை. பெயர் தெரிந்தால் சொந்த ஊர் தெரியும், சொந்த ஊர் தெரிந்தால் எதிரி யார் என்று தெரியும். பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே பழைய கதை இருக்கிறது. 1795-ல் கம்பெனிக்காரர்கள் சிவப்புச் சாயம் எடுக்க பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது அவர்கள் நினைத்த பூச்சி இல்லை, அதன் பங்காளி. சாயம் தேறவில்லை. ஆனால் காடாய் மண்டிக் கிடந்த ஒரு வகைக் கள்ளியை அது தின்று தீர்த்தது. சப்பாத்திக் கள்ளி அதற்கு மசியவில்லை. 1926-ல் வேறு ஒரு கள்ளிப்பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் தென்னாட்டில் சப்பாத்திக் கள்ளி ஒடுங்கியது. பார்க்க இரண்டும் ஒன்றுதான். வேலை செய்தது ஒன்றுதான்.

பப்பாளிக்கும் அதே வழிதான் பலித்தது. 2010 ஜூலையில் பெங்களூரு ஆராய்ச்சி நிலையம் அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. குளவி என்றதும் கொட்டுகிற குளவி என்று பயப்படாதீர்கள். கொசுவைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளே இருந்து தின்று வெளியே வரும். மூன்றில் அசரோபேகஸ் பப்பாயே என்பது நன்றாய்ப் பிடித்துக்கொண்டது. வேறு நல்ல பூச்சிக்குக் கெடுதல் செய்யுமா என்று அடைத்து வைத்துச் சோதித்துவிட்டு, அக்டோபரில் தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பெருக்கிப் பெருக்கி ஜில்லா ஜில்லாவாய்க் கொடுத்தது. சில மாசத்திலேயே பூச்சி அடங்கியது. நம்மிடம் யாரும் பாட்டிலுக்குக் காசு கேட்கவில்லை.

ஆனால் 2010-ல் அதற்கு முன்னாலேயே மருந்தாய் அடித்துத் தீர்த்தவர்களின் தோட்டத்தில் என்ன நடந்தது? மெழுகுக்கு அடியில் இருக்கிற பூச்சிக்கு மருந்து சரியாய் எட்டவில்லை. அதைத் தின்ன வந்த பொறிவண்டுக்கு எட்டியது. நான் செய்ததும் அதுதான். குளவி விட்ட பிறகும் அடித்தவர்கள் அந்தக் குளவியையும் சேர்த்துக் கொன்றார்கள். 'வெளிநாட்டிலிருந்து குளவி வருது, பொறுங்க, அடிக்காதீங்க' என்ற ஒரு வரிச் சேதி நேரத்துக்கு வந்திருந்தால் எத்தனை குடும்பத்துக்கு மருந்துக் கடன் மிச்சமாகியிருக்கும்!

அந்த வருஷங்களில் சேதி அனுப்புகிற வழி மாறிக்கொண்டுதான் இருந்தது. 2004 ஜனவரியில் மத்திய அரசு கிசான் கால் சென்டரைத் தொடங்கியது. அதே வருஷம் அக்டோபரில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களைச் சாட்டிலைட் மூலமாய் இணைத்தார்கள். உழவர் இங்கே உட்கார்ந்து, சென்னையில் இருக்கிற நிபுணரைத் திரையில் பார்த்துப் பேசலாம். 2011-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த காபி என்ற அமைப்பு உலக அளவில் பயிர் மருத்துவ முகாம்களைப் பெரிதாய் நடத்த ஆரம்பித்தது. (நாம் குடிக்கிற காபி இல்லை, அதன் பெயரே அப்படி.) சுவாமிநாதன் நிறுவனம் அவர்களோடு சேர்ந்து தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அந்த முகாம்களை நடத்தியது. ஆலமரத்தடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பூதக்கண்ணாடி. நோய் கண்ட செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டலாம். பிற்பாடு அந்த மேஜை மேல் கையடக்கக் கம்ப்யூட்டரும் வந்தது. செடியைப் பார்ப்பவர் படம் எடுத்து, தமக்குத் தெரியாததை மற்றவர்களுக்கு அனுப்பிக் கேட்டார். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. கருவி இருந்தது, அதைப் பிடித்திருந்த கைக்குப் பயிரும் தெரிந்திருந்தது.

அடுத்து வந்தது படைப்புழு. இது அமெரிக்கக் கண்டத்துப் புழு. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் தலைகாட்டி, இரண்டே வருஷத்தில் அந்தக் கண்டத்தில் பெரும்பாலான நாடுகளைச் சுற்றிவிட்டது. 2018 மே மாசம் கர்நாடகத்தில் சிவமொக்காவில் மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷமே தமிழ்நாட்டுக்குள் வந்து பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளக்காரர்களை அழவைத்தது. இதன் அந்துப்பூச்சி ஒரே ராத்திரியில் நூறு கிலோமீட்டர் பறக்கும். கடிதாசி எல்லாம் இதனோடு ஓட முடியுமா? நம் பாகூர், வில்லியனூர் பக்கம் மக்காச்சோளம் கொஞ்சம்தான். ஆனால் இந்தப் புழு கரும்பையும் சோளத்தையும்கூடத் தொடும் என்பதால் நாமும் தெரிந்து வைத்திருக்கணும்.

ஆப்பிரிக்காவில் இதற்காக 2018-ல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் செல்போனில் ஒரு செயலியைக் கொடுத்தது. உழவர் வயலில் இத்தனை செடி பார்த்தேன், இத்தனையில் புழு இருந்தது, இனக்கவர்ச்சிப் பொறியில் இத்தனை அந்துப்பூச்சி விழுந்தது என்று பதிவு செய்வார். ஊர் ஊராய்ச் சேர்ந்த அந்தக் கணக்கு ஒரு வரைபடமாகி, புழு எந்தப் பக்கம் நகருகிறது என்று காட்டும். அதோடு நூரு என்று இன்னொரு கருவியையும் சேர்த்தார்கள். சுவாஹிலி பாஷையில் நூரு என்றால் வெளிச்சம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் செய்தது. இலை மேல் போனைப் பிடித்தால் இது படைப்புழு கடித்ததா இல்லையா என்று சொல்லும். இணைய இணைப்பு இல்லாத காட்டிலும் வேலை செய்யும்.

நம் கண்ணுக்கு அடையாளம் இதுதான். புழுவின் நெற்றியில் தலைகீழாய்க் கவட்டை போல வெளிறின கோடு. வால் பக்கம், கடைசிக்கு முந்தின கணுவில், சதுரமாய் நாலு கறுப்புப் புள்ளி. குருத்துக்குள் மரத்தூள் போல எச்சம். இதைத் தெரிந்தவருக்குப் போன் தேவையில்லை.

மரவள்ளியின் கதை இன்னும் பாடமானது. நம் பக்கத்திலும் மரவள்ளி போடுகிறவர்கள் உண்டு, காதைக் கொடுங்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கிழங்கையே சோறாய்த் தின்கிற ஜனங்களைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 1981-ல் பராகுவே நாட்டில் அதன் எதிரிக் குளவியைக் கண்டுபிடித்தார்கள். அதைப் பெருக்கி ஆப்பிரிக்கா முழுக்க விமானம் வைத்துக்கூடத் தூவினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020 ஏப்ரலில் கேரளத்தில் திருச்சூரில் அகப்பட்டது. அப்புறம் நாமக்கல், சேலம் எல்லாம் பரவியது. எதிரி யார் என்று இந்தத் தடவை தேடவே வேண்டியதில்லை, நாற்பது வருஷமாய்த் தெரிந்த குளவி. 2021-ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் ஜில்லா ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட ஆரம்பித்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பப்பாளிக்கு 2008 ஜூலையிலிருந்து 2010 அக்டோபர். மரவள்ளிக்கு 2020 ஏப்ரலிலிருந்து 2022 மார்ச். இரண்டும் ஏறக்குறைய இரண்டு வருஷம். நடுவில் கொரோனா வந்தது உண்மை. ஆனாலும் உள்ளங்கையில் போன் வந்த பிறகும் இந்தக் காத்திருப்பு பெரிதாய்க் குறையவில்லை. உயிருள்ள ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுவரும்போது அனுமதியும் சோதனையும் வேண்டும். அதில் அவசரப்படவும் கூடாது. அப்படியானால் அந்த இரண்டு வருஷமும் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சேதிக்கு வேலை இருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி ஊர் விட்டு ஊர் போனது பெரும்பாலும் விதைக் குச்சியோடு. பூச்சி பிடித்த தோட்டத்துக் குச்சியை வாங்காதே, கொடுக்காதே, நட்டே ஆகணும் என்றால் மருந்துத் தண்ணீரில் நனைத்து நடு. இந்த இரண்டு வரியை ஒரு போன் அரை நிமிஷத்தில் நூறு ஊருக்குக் கொண்டுபோகும். அதற்குமேல் அதனிடம் நான் எதிர்பார்ப்பதில்லை.

இப்போது படம் பார்த்துப் பெயர் சொல்கிற செயலிகள் நிறைய வந்துவிட்டன. ஜெர்மனிக்காரர்களின் பிளான்டிக்ஸ் தமிழிலும் பேசுகிறது. 2024 ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசும் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதிலும் படம் எடுத்து அனுப்பலாம். இவை எப்படி வேலை செய்கின்றன? ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது தண்டு துளைப்பான், இது குலைநோய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்புகிற படம் எதைப் போல இருக்கிறதோ அந்தப் பெயரை அது சொல்லும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த நாட்டுக்கே புதிதாய் வந்த பூச்சியின் படத்தை அதற்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். காட்டாத பூச்சியை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பக்கத்தில் எது போல இருக்கிறதோ அந்தப் பழைய பெயரைச் சொல்லிவிடும். 2010-ல் கடைக்காரர் எனக்கு 'அசுவினி' என்று சொன்னாரே, அதே கதை. தெரிந்த பூச்சிக்குப் போன் நல்ல தோழன். தெரியாத பூச்சிக்குப் போனை நம்பி மருந்து அடித்தால் பாட்டில் கணக்குதான் ஏறும். அதனால் அப்பன் காலத்தில் பார்க்காத ஒன்று வயலில் தெரிந்தால் படத்தை மனுஷனுக்கு அனுப்புங்கள். நம் பகுதியில் உழவர் உதவியகம் இருக்கிறது, குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இலையின் மேல்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம், முழுச் செடி ஒரு படம். பூச்சி எவ்வளவு பெரிசு என்று தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். காலை வெயிலில், கை ஆடாமல் எடுங்கள். முடிந்தால் பூச்சியையே ஒரு சின்னப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். போன் பேசியே கேட்கணும் என்றால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, காசு கிடையாது.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. 1998-ல் கம்ப்யூட்டர் ஊர்ப் பொது இடத்தில் இருந்தது. எம்பலத்துக் கோயிலில் ஒருவர் கேட்ட கேள்வியின் பதிலைப் பக்கத்தில் நின்ற பத்துப் பேரும் கேட்டார்கள். படிக்காத அம்மாவுக்கு இன்னொரு அம்மா வாசித்துக் காட்டினாள். இன்றைக்குக் கருவி தனித்தனிச் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் என்றால் அது பெரும்பாலும் மகன் கையில். வயலில் களை எடுக்கிறவர்கள் பெண்கள், பூச்சியை முதலில் பார்க்கிற கண் அவர்களுடையது. அவர்கள் கையில் போன் இல்லை. குத்தகைக்கு உழுகிறவர் பெயரில் பட்டா இல்லாததால் சில சேதி அவருக்கு வருவதே இல்லை. ஒருவர் வயலுக்கு மட்டும் பதில் வந்து வரப்புக்கு அந்தப் பக்கம் வராவிட்டால் என்ன பயன்? படைப்புழுவும் மாவுப்பூச்சியும் வரப்புப் பார்த்து நிற்கிற ஜாதி இல்லை.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் போனுக்குப் பூச்சி சேதி வந்தால் அதை நல்லவாட்டு ஒலிபெருக்கி மாதிரி நடத்துங்கள். பால் ஊற்றுகிற இடத்தில், டீக்கடையில், ஏரிக்கரையில் நாலு பேர் காதில் போடுங்கள். களை எடுக்கிற பெண்களிடம், "புதுசா ஏதாச்சும் பாத்தியாம்மா?" என்று கேளுங்கள்.

தென்னையிலும் இப்போது ஒரு புதுப் பூச்சி இருக்கிறது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் வந்த சுருள் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் வெள்ளையாய் வட்டம் வட்டமாய் முட்டை, கீழே இருக்கிற செடி மேல் கரி பூசினாற்போல ஒரு படலம். இதற்கும் என்கார்சியா என்று ஒரு சின்னக் குளவி எதிரியாய் இருக்கிறது. அது தானாகவே கூட வந்து சேர்ந்துவிட்டது, நம் பாக்கியம். மருந்து அடித்தால் முதலில் அதுதான் சாகும். விளக்கெண்ணெய் தடவின மஞ்சள் தாளைக் கட்டுங்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கறுப்புப் படலத்துக்கு மைதா மாவுக் கஞ்சியைத் தெளித்தால் காய்ந்து உரிந்து விழும்.

பப்பாளி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2011-ல் நான் திரும்பவும் பப்பாளி நட்டேன். மாவுப்பூச்சி திரும்பவும் வந்தது. இந்தத் தடவை பாட்டில் வாங்கவில்லை, பூதக்கண்ணாடி வாங்கினேன். உற்றுப் பார்த்தால் சில பூச்சிகள் பழுப்பு நிறமாய், உப்பி, விறைத்து, முதுகில் ஊசி குத்தினாற்போல வட்டமாய் ஒரு பொத்தலோடு இருந்தன. அந்தப் பொத்தல் வழியாய்த்தான் குளவி வெளியே போயிருக்கிறது. உங்கள் மரத்தில் அப்படிப் பூச்சி ஒட்டின இலை இருந்தால் குப்பையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். பொத்தல் விழாத உப்பின பூச்சிக்குள் இன்னும் குளவி இருக்கும். பூச்சி நிறைய இருக்கிற பக்கத்துக் கொல்லைக்காரரைக் கூப்பிட்டு, அவர் மரத்துக் காம்பில் அந்த இலையைக் கட்டிவிடச் சொல்லுங்கள். ஒரு வாழை நார் போதும்.